ஓடும் பக்கமும் நிலைத்த ஏடும்

இணையப் பக்கங்களைப் பைத்தான் கருவிகளால் பி.டி.எஃப். ஆவணங்களாக மாற்றும் முறை

வானிலை எச்சரிக்கை உரிய நேரத்தில், உரியவரிடம், பிழையின்றிச் சென்று சேர்ந்தால்தான் பயன் தரும். 1864-ஆம் ஆண்டில் கல்கத்தா நகரைப் பெரும்புயல் ஒன்று தாக்கிற்று. அதன் விளைவாக அத்துறைமுகத்திற்குப் புயலை முன்கூட்டி அறிவிக்கும் ஏற்பாடு தோன்றியது. 1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பெற்றது. அது முதல் நெடுங்காலம் எச்சரிக்கைகள் பெரும்பாலும் தந்தி வாயிலாகவே சென்றுவந்தன. தந்தித் தாளுக்கு ஒரு நற்குணம் உண்டு. எங்கிருந்து புறப்பட்டது, எப்பொழுது வந்தது, என்ன சொல்லிற்று என்ற மூன்றும் அத்தாளிலேயே பதிந்திருக்கும். ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தாலும் அதில் ஓர் எழுத்தும் மாறியிராது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முடிவுற்றது. இன்று எச்சரிக்கைகளையும், பயிர் ஆலோசனைகளையும், மழை அளவுகளையும் இணையப் பக்கங்களில் காண்கிறோம். விரைவில் இணையத்திற்கு நிகரில்லை. ஆயினும் தந்தித் தாளின் நற்குணம் அதற்கு இல்லை. காலையில் கண்ட பக்கம் மாலையில் புதுச் செய்தியால் நிரம்பிவிடுகிறது, பழையது மறைந்துபோகிறது. கைபேசிக்குச் சமிக்ஞை எட்டாத மலைக் கிராமத்திற்குச் செல்லும் களப்பணியாளர் அப்பக்கத்தை அங்கே திறக்க இயலாது. வகுப்பில் பாடமாக வைக்க விரும்பும் ஆசிரியர், சென்ற வாரம் கண்ட அட்டவணையை இன்று தேடினால் காண்பதில்லை. பின்னொரு நாள், “அன்று என்ன எச்சரிக்கை விடுக்கப்பட்டது?” என்ற கேள்வி எழுந்தால், கையில் சான்று எதுவும் இல்லை.

இக்குறையைத் தீர்க்கும் வழிகளில் எளியது, இணையப் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆவணமாக மாற்றிச் சேமித்தல். அதனைப் பைத்தான் என்னும் கணினி மொழியின் கருவிகளைக் கொண்டு செய்யும் முறையையும், செய்யுங்கால் நேரும் பிழைகளையும் இங்குக் காண்போம். பிழைகளைப்பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டியிருக்கிறது. ஏனெனில் மாற்றுவது சில நொடிகளில் முடியும் செயல். மாறிவந்த ஆவணம் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று அறிவதே கடினம்.

இரு வேறு இயல்புகள்

இணையப் பக்கத்தைப் ‘பக்கம்’ என்று அழைத்தாலும், அச்சிட்ட நூலின் பக்கத்தைப் போன்றது அன்று அது. ஜெனீவா நகரின் அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1989-ஆம் ஆண்டில் இணைய வலையின் திட்டத்தை முன்வைத்தார். வெவ்வேறு வகைக் கணினிகளை உபயோகிக்கும் விஞ்ஞானிகள் ஒருவர் குறிப்பை மற்றொருவர் படிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆதலின் அவர் வகுத்த எச்.டி.எம்.எல். மொழி, “இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை” என்று உறுப்புகளைச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறது. அவற்றை எவ்வளவு அகலத்தில் பரப்புவது என்பதைப் பார்ப்பவரின் உலாவியே முடிவு செய்கிறது. அகன்ற திரையில் ஏழு நிரல்களாக விரியும் அட்டவணை, கைபேசியில் ஒடுங்கிவிடுகிறது. பக்கத்திற்கு நீளம் என்ற வரம்பும் இல்லை.

பி.டி.எஃப். ஆவணத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அடோபி நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜான் வார்னாக் 1991-ஆம் ஆண்டில் ‘கேமலாட்’ என்ற பெயரால் ஒரு திட்டத்தை வரைந்தார். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சு யந்திரத்தில் அச்சிட்டாலும் ஆவணம் ஒரே தோற்றத்தில் இருக்கவேண்டும் என்பது அதன் குறிக்கோள். 1993-ஆம் ஆண்டில் பி.டி.எஃப். வெளிவந்தது, 2008-ஆம் ஆண்டில் உலகத் தர அமைப்பு அதனைப் பொதுத் தரமாக ஏற்றது. இவ்வாவணத்தின் உள்ளே, “இந்த எழுத்து வடிவத்தை இடப்புறத்திலிருந்து இவ்வளவு, கீழிருந்து இவ்வளவு தொலைவில் வை” என்ற கட்டளைகளே பெரும்பாலும் நிறைந்திருக்கும். அளக்கும் அலகு ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. அவ்வலகின்படி ஏ4 தாளின் அகலம் ஏறத்தாழ 595, உயரம் 842.

இதனால் பெறப்படுவது யாது? இணையப் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக்குவது ஒரு கோப்பைப் படியெடுக்கும் வேலை அன்று. அச்சகத்தில் அச்சுக்கோப்பவர் செய்யும் வேலையைக் கணினி செய்கிறது. வரி எங்கே முடியவேண்டும், பக்கம் எங்கே முறியவேண்டும், எழுத்துகள் எவ்வாறு இணையவேண்டும், நிறம் வேண்டுமா வேண்டாமா என்று நூற்றுக்கணக்கான முடிவுகளை அது நம்மைக் கேளாமலே எடுக்கிறது. அவற்றுள் ஒன்று தவறினாலும் செய்தி மாறக்கூடும்.

பைத்தான் எதற்கு?

ஒரே ஒரு பக்கத்தைச் சேமிக்கவேண்டுமாயின் கணினி மொழி எதுவும் தேவையில்லை. உலாவியின் அச்சிடும் கட்டளையைத் திறந்து, அச்சு யந்திரத்திற்குப் பதிலாகப் பி.டி.எஃப். என்பதைத் தேர்ந்தாற் போதும். ஆனால் நாள்தோறும் காலையில் முப்பது பக்கங்களை ஒரே முறையில் எடுத்து, நாளும் பெயரும் இட்டு அடுக்கவேண்டும் எனில், மனிதர் கை சலித்துவிடும். ஒரு நாள் மறதி நேரும். மற்றொரு நாள் தவறான பெயர் இடப்படும். இத்தகைய சலியா வேலைக்கு யந்திரமே ஏற்றது.

பைத்தான் மொழியை ஆக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராஸம். 1991-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக வெளியிட்டார். பாம்பின் பெயரன்று இது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் பெயரிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது. இம்மொழி இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளி மாணவரும் கற்கும் அளவிற்கு எளிது. பிறர் எழுதிவைத்த கருவித் தொகுதிகளைப் ‘பிப்’ என்ற கட்டளையால் வரவழைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பி.டி.எஃப். ஆக்கும் கருவிகளும் அவ்வாறே கிடைக்கின்றன.

வழிகள் மூன்று

முதல் வழி, வீஸிபிரிண்ட் என்னும் கருவி. இது உலாவியின் துணையின்றித் தானே பக்கத்தை அமைக்கவல்லது. அச்சுத் தாளை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டதாதலின், பக்க எண், பக்கத்தின் தலைக்குறிப்பு, ஓர அளவு ஆகியவற்றை நன்கு கையாள்கிறது. எழுத்துகளை இணைப்பதற்குப் பாங்கோ என்னும் தொகுதியை நாடுவதால் தமிழ் எழுத்துகளும் செம்மையாக அமைகின்றன. பாங்கோ இல்லாத கணினியில், குறிப்பாக விண்டோஸ் கணினியில், அதனைத் தனியே நிறுவிக்கொள்ளவேண்டும். இக்கருவிக்கு முக்கியமான ஒரு வரம்பு உண்டு. பக்கத்தினுள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இது இயக்குவதில்லை. ஆதலின் பக்கம் திறந்தபின் நிரலால் நிரப்பப்படும் அட்டவணையும் படமும் இதில் வெறுமையாகவே இருக்கும். நாமே தயாரித்த பக்கங்களுக்கும் எளிய பக்கங்களுக்கும் இது சாலச் சிறந்தது.

இரண்டாம் வழி, பிளேரைட் என்னும் கருவி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. இது குரோமியம் என்னும் முழு உலாவியைத் திரையில் தோன்றாமல் பின்னணியில் திறந்து, மனிதர் செய்வதைப் போலப் பக்கத்தைப் பார்வையிட்டு, பின்பு பி.டி.எஃப். ஆக்குகிறது. உண்மையான உலாவியே உழைப்பதால் நிரல்கள் இயங்கும், அட்டவணைகள் நிரம்பும். ஆனால் உலாவியைத் தனியே இறக்கி நிறுவவேண்டும். இடமும் நினைவகமும் அதிகம் பிடிக்கும்.

மூன்றாம் வழி, டபிள்யூ.கே.எச்.டி.எம்.எல்.டு.பி.டி.எஃப். என்ற நெடும்பெயருடைய கருவி. பி.டி.எஃப்.கிட் என்னும் பைத்தான் தொகுதி இதனைத்தான் ஏவுகிறது. ஒரு காலத்தில் இது பெரிதும் போற்றப்பட்டது; பழைய பாடங்களில் இன்றும் இதன் பெயரே முதலில் வரும. ஆயின் இதனுள் இருப்பது மிகப் பழைய உலாவிப் பொறி. இக்காலப் பக்கங்களின் அமைப்பு முறைகள் பலவற்றை அது அறியாது. 2023-ஆம் ஆண்டில் இதன் மூல நிரல் களஞ்சியம் பூட்டப்பட்டு, வளர்ச்சி நின்றுவிட்டது. புதிதாகத் தொடங்குவோர் இதனைத் தவிர்ப்பதே நலம்.

ஆகவே, நாமே எழுதிய பக்கத்திற்கு வீஸிபிரிண்ட், பிறர் தளத்தின் உயிர்ப்புள்ள பக்கத்திற்குப் பிளேரைட் என்று கொள்க.

தமிழ் எழுத்தின் சோதனை

ஆங்கிலத்தில் எழுத்துகள் எழுதிய வரிசையிலேயே நிற்கும். தமிழில் அவ்வாறன்று. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு முறையில் இது ‘க’ என்ற குறியீடும், அதன்பின் ‘ஒ’கரக் குறியீடும் ஆக இரண்டே குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஆனால் தாளில் வரையும்போது ஒற்றைக் கொம்பு முன்னே, ‘க’ நடுவே, கால் பின்னே என மூன்று வடிவங்களாகிறது. சேமித்த வரிசை வேறு, வரையும் வரிசை வேறு. இதனை அறிந்து வடிவங்களை இடமாற்றி இணைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற தனித் தொகுதிகள் செய்கின்றன. வீஸிபிரிண்டும் குரோமியமும் அதன் உதவியைப் பெறுகின்றன.

அத்தகைய உதவியைப் பெறாத கருவிகளில் ‘கெண்டை’ என்ற சொல்லின் கொம்பு ‘க’வின் பின்னே சென்று நிற்கும். படிப்பவர் ஊகித்துப் படிக்கலாம் என்று எண்ணிவிடக்கூடாது. புதிதாக எழுத்துக் கற்கும் குழந்தைக்கும் முதியோர் கல்விக்கு வருபவருக்கும் அவ்வாவணம் பயன்படாது. எக்ஸ்.எச்.டி.எம்.எல்.2.பி.டி.எஃப். என்னும் கருவி ரிப்போர்ட்லாப் தொகுதியின்மேல் கட்டப்பட்டது. இணைத்து வரையும் திறன் ரிப்போர்ட்லாபில் நெடுங்காலம் இல்லை. ஆதலின் அதனைத் தமிழுக்குச் சோதியாமல் கைக்கொள்ளலாகாது.

எழுத்துரு இல்லாமையால் வரும் இடர் வேறு. அலுவலகக் கணினியில் அழகாகத் தோன்றிய பக்கம், தொலைவிலுள்ள சேவைக் கணினியில் மாற்றப்படும்போது தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக வெறும் கட்டமாக வரக்கூடும். அக்கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் போன்ற இலவச எழுத்துருக்களுள் ஒன்றை நிறுவினால் இக்குறை நீங்கும். ஆவணத்தில் உபயோகித்த வடிவங்களை இக்கருவிகள் கோப்பினுள்ளேயே பதித்துவிடுவதால், பெறுபவரிடம் அவ்வெழுத்துரு இல்லாவிடினும் குறையில்லை.

சோதிப்பதற்குச் சில சொற்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்: செம்மண், கேணி, மைனா, கொக்கு, கோடை, பௌர்ணமி. கொம்புகளும் கால்களும் வரும் வகைகள் யாவும் இவற்றுள் அடங்கும். இச்சொற்களைக் கொண்ட ஒரு பக்கத்தை மாற்றிப் பார்த்து, ஆறும் சரியாக வந்தால் கருவியை நம்பித் தொடங்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் ஒன்றுண்டு. பி.டி.எஃப். ஆவணம் வடிவங்களைச் சேமிக்கிறது என்று கண்டோம். அவ்வடிவங்கள் எந்த எழுத்தைக் குறிப்பன என்பதற்கு ஒரு தனிப் பட்டியல் உள்ளே இருக்கும். தமிழில் வரிசை மாறுவதால், பார்வைக்குச் சரியான ஆவணத்திலும் சொல்லைத் தேடினால் கிடைக்காமற் போவதும், படியெடுத்து ஒட்டினால் எழுத்துகள் சிதறுவதும் உண்டு. ஆதலின் பி.டி.எஃப். ஆவணத்தோடு மூல எச்.டி.எம்.எல். கோப்பையும் சேர்த்து வைப்பது அறிவுடைமை. ஒன்று படிப்பதற்கு, மற்றொன்று தேடுவதற்கு.

நிறம் மறைந்த எச்சரிக்கை

இனி, களப்பணிக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். வானிலை ஆய்வுத் துறை தன் எச்சரிக்கைகளுக்கு நான்கு நிறங்களைக் கையாள்கிறது. பச்சை எனில் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் எனில் நிலைமையைக் கவனித்துவரவேண்டும். ஆரஞ்சு எனில் ஆயத்தமாக இருக்கவேண்டும். சிவப்பு எனில் செயலில் இறங்கவேண்டும். மழையின் அளவுக்கும் வகுப்புகள் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை; அதற்குமேல் அதி கனமழை.

ஒரு களப்பணியாளர், மாவட்டங்களின் பெயரும் அவற்றிற்குரிய நிறமும் கொண்ட அட்டவணை ஒன்றை இணையப் பக்கமாகத் தயாரித்து, பிளேரைட் கருவியால் பி.டி.எஃப். ஆக்குகிறார் எனக் கொள்வோம். அட்டவணையில் நிறம் மட்டும் பூசப்பட்டிருக்கிறது. நிறத்தின் பெயர் எழுதப்படவில்லை. கருவியின் இயல்பான அமைப்பில், மையைச் சிக்கனம் செய்யும் பொருட்டுப் பின்னணி நிறங்கள் விடப்படுகின்றன. விளைவு யாது? சிவப்பு மாவட்டமும் பச்சை மாவட்டமும் வெள்ளையாக வரும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. மாவட்டப் பெயர்கள் ஒழுங்காக நிற்கும். தாளைப் பெறுபவர் எச்சரிக்கை எதுவும் இல்லை என்றே கொள்வார்.

இதனைத் தவிர்க்கக் கருவிக்குப் பின்னணியையும் அச்சிடுமாறு தெளிவாகக் கட்டளையிடவேண்டும். அத்துடன், அச்சுக்கென நிறங்களை மாற்றாமல் உள்ளவாறே வைக்கும்படி பக்கத்தின் தோற்ற விதிகளிலும் குறித்தல் நன்று. வீஸிபிரிண்டில் இத்தொல்லை இல்லை. அது பின்னணியை விடுவதில்லை.

எனினும் இடர் இதனோடு முடியவில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் இருப்பது கறுப்பு-வெள்ளை அச்சு யந்திரம். நிறத்தைச் சாம்பலாக மாற்றும் வழக்கமான கணக்கு ஒன்றில், சிவப்பு ஒளிக்கு 0.299, பச்சை ஒளிக்கு 0.587, நீல ஒளிக்கு 0.114 என்று பங்கு தரப்படுகிறது. இணையப் பக்க மொழியில் ‘சிவப்பு’ என்று பெயரிட்ட நிறம் 255 அளவு சிவப்பு ஒளி கொண்டது. ‘பச்சை’ என்று பெயரிட்டது 128 அளவு பச்சை ஒளி கொண்டது. பெருக்கிப் பார்ப்போம். சிவப்பு சாம்பல் அளவில் 76 ஆகிறது. பச்சை 75 ஆகிறது. கண் இவ்விரண்டையும் பிரித்தறியாது. “செயலில் இறங்குக” என்பதும் “எச்சரிக்கை இல்லை” என்பதும் தாளில் ஒரே சாம்பல் கட்டமாகிவிடுகின்றன! சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாத நிறக்குருடு உடையோருக்கும் இதே நிலைதான்.

ஆதலின், நாம் தயாரிக்கும் அட்டவணையில் நிறத்தைப் பூசுவதோடு ‘சிவப்பு’, ‘ஆரஞ்சு’ என்று சொல்லாலும் எழுதவேண்டும். பிறர் பக்கத்தை எடுக்குமிடத்து, நிறத்தின் பெயரைக் கையாலாவது தாளில் குறிக்கவேண்டும். வகுப்பில் இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே செய்யச் சொல்லலாம். ஒளியைப்பற்றியும் தசம எண்களைப்பற்றியும் ஒருங்கே கற்பிக்க நல்ல பாடம் இது.

தாளின் அளவும் அட்டவணையின் ஓரமும்

பிளேரைட் கருவி, அளவு கூறாவிடில், அமெரிக்க நாட்டு ‘லெட்டர்’ தாளை எடுத்துக்கொள்கிறது. அதன் அளவு 216-க்கு 279 மில்லிமீட்டர். நாம் உபயோகிக்கும் ஏ4 தாள் 210-க்கு 297. அகலத்தில் 6 மில்லிமீட்டர் குறைவாதலின், ஓரத்தில் உள்ள எழுத்து வெட்டுப்படலாம், அல்லது பக்கம் முழுதும் சுருங்கலாம். ஆகவே ஏ4 என்று எப்போதும் குறிப்பிடுக. வீஸிபிரிண்ட் இயல்பாகவே ஏ4 தாளைக் கொள்கிறது.

அகன்ற அட்டவணையின் வலப்புற நிரல் தாளுக்கு வெளியே சென்று மறைவது மற்றொரு பிழை. மருந்தின் பெயர் முதல் நிரலிலும், கலக்கவேண்டிய அளவு கடைசி நிரலிலும் இருந்தால், தாளில் பெயர் மட்டும் எஞ்சும். அளவை அவரவர் ஊகிக்க நேரிடும். அதன் கேட்டைச் சொல்லவேண்டியதில்லை. அகன்ற அட்டவணைக்குத் தாளைக் கிடையாக வைக்கும்படி கட்டளையிடலாம். அல்லது எழுத்தின் அளவைக் குறைக்கலாம்.

நீண்ட அட்டவணை இரண்டாம் பக்கத்திற்குச் செல்லும்போது, நிரல்களின் தலைப்பு அங்கும் மீண்டும் வரவேண்டும். அட்டவணையின் தலைப்பு வரிசை எச்.டி.எம்.எல். மொழியில் தலைப்பு என்றே முறைப்படி குறிக்கப்பட்டிருந்தால், கருவிகள் அதனைப் பக்கந்தோறும் தாமே இடுகின்றன. வெறும் தடித்த எழுத்தால் தலைப்பைப்போல் காட்டியிருந்தால் இடமாட்டா. ஒரு வரிசை நடுவே முறிந்து இரண்டு பக்கங்களில் பிரியாதபடி தடுக்கும் விதியும் உண்டு, அதனையும் சேர்க்கவேண்டும்.

நாளும் நேரமும்

தந்தித் தாளின் நற்குணத்தை முதலில் சொன்னோம். அதனைப் பி.டி.எஃப். ஆவணத்திற்குத் தருவது நம் பொறுப்பு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலோ அடியிலோ மூலத்தின் இணைய முகவரி, எடுத்த நாள், எடுத்த நேரம், பக்க எண், மொத்தப் பக்கங்கள் ஆகியவை இருக்கவேண்டும். பிளேரைட் கருவியில் இவற்றை இடுவதற்குத் தலைக்குறிப்பு, அடிக்குறிப்பு என்ற வசதிகள் உள்ளன. மேலும் கீழும் போதிய ஓரம் விடாவிடில் அவை தாளில் தெரியா என்பதை மறத்தலாகாது.

நேரத்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை. தொலைவிலுள்ள சேவைக் கணினிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தையே காட்டும். அது இந்திய நேரத்தைவிட 5 மணி 30 நிமிஷம் பின்தங்கியது. நாம் காலை 5 மணிக்கு எடுத்த பக்கத்தில் முந்தின நாளின் இரவு 11.30 என்று பதியும், நாளே மாறிவிடும். நம் நாட்டில் ஒரு நாளின் மழை, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்திற்குக் கணக்கிடப்படுவதால், இப்பிழை ஒரு நாளின் மழையை மற்றொரு நாளின் கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே நிரலில் இந்திய நேரம் என்று வெளிப்படையாகக் குறித்து, கோப்பின் பெயரிலும் ஆண்டு, மாதம், நாள், மணி என்ற வரிசையில் எழுதுக. அவ்வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமே காலமுறைப்படி அடுங்கிநிற்கும்.

வேலையின் ஒழுங்கு

பிளேரைட் கருவியால் ஒரு பக்கத்தை எடுக்கும் நிரல் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மேற்படாது. அதன் படிகள் வருமாறு:

1. உலாவியைப் பின்னணியில் திறக்கவேண்டும்.

2. முகவரியைக் கொடுத்துப் பக்கத்தை வரவழைத்து, சேவைக் கணினி தந்த விடையெண்ணைப் பார்க்கவேண்டும். 200 எனில் பக்கம் ஒழுங்காக வந்தது. 404 எனில் அப்பக்கம் அங்கே இல்லை. இதனைப் பாராவிடில், ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்னும் அறிவிப்பே அழகிய பி.டி.எஃப். ஆகி நம் அடுக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

3. நமக்கு வேண்டிய அட்டவணை தோன்றும்வரை காத்திருக்கவேண்டும். பத்து நொடி என்று பொதுவாகக் காப்பதைவிட, இன்ன உறுப்பு தோன்றும்வரை என்று காப்பதே நம்பத்தக்கது.

4. பக்கத்தின் அச்சுத் தோற்றம் வேண்டுமா, திரைத் தோற்றம் வேண்டுமா என்று தேரவேண்டும். கருவி இயல்பாக அச்சுத் தோற்றத்தையே எடுக்கும். சில தளங்களில் அத்தோற்றம் நிலப்படங்களை மறைத்துவிடுவதுண்டு.

5. ஏ4 தாள், பின்னணி நிறம், ஓர அளவு, தலைக்குறிப்பு, அடிக்குறிப்பு ஆகியவற்றைக் கூறி ஆவணத்தை எழுதச் செய்யவேண்டும்.

6. மூல எச்.டி.எம்.எல். கோப்பையும் அதே பெயரில் சேமித்து, உலாவியை மூடவேண்டும்.

வீஸிபிரிண்ட் கருவிக்கு இத்தனை படிகள் இல்லை. முகவரியையோ கோப்பையோ கொடுத்து, பி.டி.எஃப். எழுதுமாறு ஏவினால் முடிந்தது. தாள் அளவு, ஓரம், பக்க எண் முதலியவற்றைப் பக்கத்தின் தோற்ற விதிகளிலேயே எழுதிவிடலாம்.

சரிபார்த்தல்

நாள்தோறும் வரும் ஆவணங்களை எல்லாம் கண்ணால் பார்த்தல் அரிது. சோதனையில் ஒரு பகுதியையும் பைத்தானிடமே ஒப்படைக்கலாம். பைபி.டி.எஃப். என்னும் தொகுதி ஆவணத்தின் பக்கங்களை எண்ணும்; உள்ளிருக்கும் சொற்களை வெளியே எடுத்துத் தரும். தமிழ்ச் சொற்கள் சிதறி வரக்கூடும் என்று மேலே கண்டோம். ஆனால் எண்களுக்கு அத்தொல்லை இல்லை. மூலப் பக்கத்தின் அட்டவணையிலுள்ள எண்கள் யாவும் ஆவணத்திலும் உள்ளனவா என்று ஒப்பிடச் செய்தால், பெரும்பாலும் விடுபட்ட வரிசை உடனே வெளிப்படும். நேற்று நான்கு பக்கம் வந்த ஆவணம் இன்று ஒரு பக்கமாக வந்தால், அதனைத் தனியே எடுத்துவைக்குமாறும் நிரலில் எழுதலாம்.

எனினும் யந்திரம் காணாதவை சில உண்டு. நிறம் வந்ததா, கொம்பு இடம் மாறிற்றா, தாளின் ஓரத்தில் எண் வெட்டுப்பட்டதா என்பவற்றை மனிதர் கண்ணே காணவேண்டும். ஓரத்திற்கு வெளியே சென்ற எண், கோப்பினுள் இருந்தும் தாளில் தெரியாது. அதனை எண்ணொப்பீடும் கண்டுபிடிக்காது. ஆதலின் நாளைக்கு ஓர் ஆவணத்தையேனும் தாளில் அச்சிட்டு, மூலத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோர் இல்லாமல் நூல் வெளிவருவதில்லை அன்றோ?

மனத்திற்கொள்ள வேண்டியவை

நாம் எடுத்த பி.டி.எஃப். நம் குறிப்புக்கான படியே ஆகும். வெளியிட்ட அலுவலகத்தின் சான்றளித்த நகலாகாது. அவ்வலுவலகமே பி.டி.எஃப். ஆவணத்தை வெளியிட்டிருந்தால், அதனையே எடுத்து வைப்பது முறை. ஒரே தளத்தில் பல பக்கங்களை எடுக்குங்கால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சில நொடிகள் விடுக. புயல் நாளில் எண்ணற்றோர் நாடும் தளத்தை நம் நிரல் ஓயாது தட்டுவது பிறர் வழியை அடைப்பதாகும். தனி மனிதரின் பெயர், கைபேசி எண், ஆதார் எண் முதலியவை கொண்ட பக்கங்களை இவ்வாறு திரட்டிப் பரப்புதல் தகாது. உரிமை பெற்ற நூல்களையும் கட்டுரைகளையும் உரியவர் இசைவின்றிப் படியெடுத்து வழங்குதலும் அவ்வாறே.

பல்லாண்டு காக்கவேண்டிய ஆவணங்களுக்கெனப் பி.டி.எஃப்./ஏ என்னும் தரம் 2005-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. எழுத்துருக்களை உள்ளேயே பதித்தல், வெளிக்கோப்புகளைச் சாராதிருத்தல் முதலிய நிபந்தனைகளை அது விதிக்கிறது. வீஸிபிரிண்ட் கருவியால் இத்தர ஆவணத்தையும் ஆக்க இயலும். நிலையமோ பள்ளியோ தன் வரலாற்றைச் சேமிக்க விரும்பினால் இத்தரத்தை மேற்கொள்ளலாம்.

தொடக்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பழகுக. ஆறு தமிழ்ச் சொற்களையும் நான்கு நிறங்களையும் சோதித்துப் பார்த்தபின் முப்பது பக்கங்களுக்குச் செல்க. சமிக்ஞை எட்டாத கிராமத்தின் பள்ளிச் சுவரில் ஒட்டப்படும் தாளில், மாவட்டத்தின் பெயருக்கு எதிரே ‘சிவப்பு’ என்ற சொல்லும், எடுத்த நாளும் மணியும் தெளிவாகத் தெரிந்தால், அதனைப் படிப்பவர் செய்யவேண்டியதை அறிவார். அத்தாள் அங்கே செல்லுமுன் அதனை ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமை.